எந்த மொழியில் கொஞ்சுவீர்கள்?

கேட்டைத் தாண்டிப் பெரிய ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை. சாயங்காலம் செகந்திராபாத்தில் நாக்பூர் பக்கம் போகிற ரயிலைப் பிடிக்க வேண்டும். அங்கே பழைய சிநேகிதன் ஒருவன் பரோட்டாக் கடை போட்டிருந்தான். கல்லுக்கு ஆள் இல்லை, வந்துவிடு என்று போனில் சொல்லியிருந்தான்.

பின்னாலிருந்து வாட்ச்மேன் மஸ்தான் பாய் கூப்பிட்டார். "கைக்கு மியான், கைக்கு?" ஏன் போகிறாய் என்கிறார். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல பாய்."

"அப்புறம் எதுக்குப் போறே?"

"அதான் சொன்னேனே, யாரும் ஒண்ணும் சொல்லல."

அவர் தலையில் அடித்துக்கொண்டு கேட்டைச் சாத்தினார்.

நான் விட்டுப் போய்க்கொண்டிருந்த இடம் கச்சிபௌலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை மாடி வீட்டில் நடந்த குழந்தை வளர்ச்சி மையம். பேச்சு வராத குழந்தை, கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, ஓரிடத்தில் உட்காராத குழந்தை என்று பெற்றவர்கள் கூட்டி வருவார்கள். டாக்டரும் சைக்காலஜிஸ்டும் பார்த்து, இன்னதுதான் என்று சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவார்கள். நான் அங்கே அட்டெண்டர். போன வருஷம் அதே மையத்தில்தான் ஓய்வு பெற்றேன். விட்டுப் போனவன் எப்படி அங்கேயே ஓய்வு பெற்றான் என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள். புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எந்த மொழி வேண்டுமோ அந்த மொழி தெரிந்தவர் எங்கிருந்தோ திரையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நல்ல ஏற்பாடுதான். போன மாதம் சும்மா எட்டிப் பார்க்கப் போனபோது ஒரு பெண் கேட்டாள். "அங்கிள், இது வர்றதுக்கு முன்னாடி நீங்கதான் இதைப் பண்ணீங்களாமே, எப்படிப் பண்ணீங்க?" நின்றுகொண்டே சொல்லி முடிகிற கதை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் ஊர் ஜோலார்பேட்டை. ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் ரயிலேறியவன். குண்டக்கல்லில் டீ ஆற்றினேன். கர்னூலில் டயருக்குப் பஞ்சர் ஒட்டினேன். ஹைதராபாத் வந்து ராமச்சந்திராபுரத்தில் பெரிய தொழிற்சாலைக் கேன்டீனில் சாம்பார் அண்டா தூக்கினேன். ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி ஒன்றில் டிரம் கழுவினேன். கைத்தோல் உரிந்தது. வேறு வேலைக்குப் போனதும் திரும்ப முளைத்தது. போர்வெல் லாரியோடு இரண்டு மாநிலம் சுற்றினேன். எங்கேயும் யாரோடும் சண்டை போட்டு வெளியே வந்தவன் இல்லை. கொஞ்ச நாள் ஆனதும் கால் நிற்காது, அவ்வளவுதான். கல்யாணமும் அந்தக் காலில் மாட்டவில்லை.

இந்த மையத்துக்கு வந்தது, கட்டிடத்துக்கு வெள்ளையடிக்க வந்த கூட்டத்தோடு. வெள்ளையடித்து முடிந்ததும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "நீ கதவைச் சத்தமில்லாமச் சாத்துறே. இங்கேயே இரு" என்றார். வேலைக்கு எடுக்கும்போது அவர் பார்த்த தகுதி அது ஒன்றுதான்.

டாக்டர் வசுந்தரா தெலுங்குக்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என்னோடு தெலுங்கில்தான் பேசுவார், கோபம் வந்தால் ஹைதராபாத் இந்தி. கோபம் வந்தாலும் குரல் ஏறாது, இறங்கும். அவர் குரல் இறங்கினால் மையத்தில் எல்லோரும் நடப்பதை நிறுத்திவிடுவார்கள். அறைக்குள் போகும்முன் வாட்சைக் கழற்றுவார், வளையலைக் கழற்றுவார், துப்பட்டாவை மடித்து வைப்பார். பளபளப்பதும் கிலுங்குவதும் குழந்தையின் கவனத்தை இழுத்துவிடும், அப்புறம் நாம் பார்ப்பது குழந்தையை அல்ல, நம் வளையலைத்தான் என்பார். குழந்தை உள்ளே வந்ததும் அதனிடம் போக மாட்டார். பாயில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு ஒரு டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். அதுவாக வரட்டும் என்று.

அறையைத் தயார் செய்வது என் வேலை. சுவரில் கடிகாரம் இருக்கக் கூடாது. மின்விசிறி மெதுவாகத்தான் சுற்ற வேண்டும், சில குழந்தைகள் அதைப் பார்த்தே நாளைக் கழித்துவிடும். பாய், பெற்றவருக்கு ஒரு குட்டை ஸ்டூல். பெட்டியில் சாவி கொடுத்தால் ஓடும் தவளை, ஒரு பொம்மை, அதற்குச் சோறு ஊட்ட ஒரு சின்னக் கிண்ணமும் கரண்டியும், சோப்புக் குமிழ் விடும் குப்பி, வெளியே தெரிகிற பிளாஸ்டிக் ஜாடியில் பிஸ்கட். ஜாடியின் மூடியைக் குழந்தையால் திறக்க முடியாதபடி இறுக்க வேண்டும். திறக்க முடியாதபோது குழந்தை என்ன செய்கிறது என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்கிறதா, விரல் நீட்டுகிறதா, விட்டுவிட்டுப் போகிறதா. மூடியைச் சரியாக இறுக்கக் கற்றுக்கொள்ளவே எனக்குச் சில வாரம் ஆனது. போர்வெல் லாரியில் இருந்த கை, முதலில் டாக்டரம்மாவாலேயே திறக்க முடியவில்லை.

வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மூன்றாம் வருஷம் கால் அரிக்கத் தொடங்கியது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "நிறுத்தினா நிற்பியா?" என்று கேட்டார். "நிற்க மாட்டேம்மா" என்றேன். "அப்போ போ" என்று சொல்லிவிட்டார்.

அன்று என் கடைசி நாள். டாக்டரம்மா காலையில் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் வழக்கம்போல் பாய் விரித்தேன், ஜாடி மூடியை இறுக்கினேன். ஓர் இளம் தாய் மூன்றரை வயதுப் பெண் குழந்தையோடு வந்தாள். தகப்பன் வரவில்லை. குழந்தை கையில் ஒரு பொம்மைக் கார், அதைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தது. காது பரிசோதனை முன்பே முடிந்திருந்தது, காதில் குறையில்லை.

சைக்காலஜிஸ்ட் அனிதா பதிவு செய்யும்போது, "வீட்டில் என்ன மொழி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தத் தாய் பாடம் ஒப்பிப்பதுபோல், "ஒன்லி இங்கிலீஷ்" என்றாள். அனிதாவும் குழந்தையை ஆங்கிலத்திலேயே சோதித்துப் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சொன்னதைத்தானே எழுத முடியும்? குழந்தை மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தாய் ஸ்டூலில் உட்கார்ந்து, "யாழினி, கம். கம் ஹியர்" என்று நாலு முறை சொன்னாள். அப்புறம் அவளும் பேசவில்லை. குழந்தை அழத் தொடங்கியதும் அனிதா நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். காத்திருப்போர் அதிகம், இன்னொரு நாள் என்றால் சில மாதம் தள்ளித்தான் கிடைக்கும். அவர்கள் போனார்கள். நானும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் நிறுத்தத்தில் அவர்கள் இருந்தார்கள். குழந்தை சிமெண்ட் பெஞ்சின் விளிம்பில் காரை உருட்டிக்கொண்டிருந்தது. தாய் போனில் பேசிக்கொண்டிருந்தாள். தென்காசிப் பக்கத்துத் தமிழ், அருவி மாதிரி.

"ஒண்ணும் ஆவலக்கா. இன்னொரு நாள் வரச் சொல்லுதாங்க. அவரு ஒரு நாள்தான்னு சொல்லிட்டாருல்லா. போய்ட்டு வா, அதுக்கப்புறம் இந்தப் பேச்சே வீட்ல எடுக்கப்பிடாதுன்னுட்டாரு... இல்லக்கா, ஒண்ணும் இல்லையாம்னு சொல்லிருதேன். எனக்கு ஏலல."

போனை வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்து, "யாழினி, சிட். நோ. சிட்" என்றாள்.

ஊர்ப்பேச்சு காதில் விழுந்தால் வாய் சும்மா இருக்காது. "தென்காசியாம்மா?" என்றேன்.

அவள் திடுக்கிட்டுப் பார்த்து, காலையில் பாய் விரித்தவன் என்று கண்டுகொண்டாள். "கடையநல்லூர் பக்கம் அண்ணாச்சி. நீங்க?"

"ஜோலார்பேட்டை. பாப்பா இங்கிலீஷ்லதான் பேசுமா?"

"அவ பேச மாட்டா அண்ணாச்சி. நான்தான் இங்கிலீஷ்ல பேசுதேன்." கொஞ்சம் சிரித்தாள். "கம், சிட், ஈட், ஸ்லீப், நோ. எனக்கு வாயில வாரது அம்புட்டுதான். அதையே மாத்தி மாத்திச் சொல்லுதேன்."

விஷயம் இது. குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. வீட்டில் தமிழ், வேலைக்கு வரும் அம்மாள் தெலுங்கு, லிஃப்டிலும் கீழே பூங்காவிலும் இந்தி, ப்ளே ஸ்கூலில் ஆங்கிலம். நாலு மொழியில் குழந்தை குழம்பிப் போயிருக்கிறது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே மொழி பேசுங்கள் என்று ப்ளே ஸ்கூலில் சொன்னார்கள். கணவன் ஐ.டி. கம்பெனியில் வேலை. அந்த ஒரே மொழி ஆங்கிலமாக இருக்கட்டும் என்று அவன் முடிவு செய்துவிட்டான். ஒரு வருஷமாக வீட்டுக்குள் தமிழ் கிடையாது.

எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பெரிய அடுக்குமாடியில் இருப்பவர்கள் அப்படித்தான் வளர்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

பஸ் வரவில்லை, டாக்டரம்மாவின் பழைய சின்னக் கார் வந்தது. அவரே ஓட்டி வருவார். என்னைப் பார்த்ததும் ஓரமாக நிறுத்தினார்.

"ஏமய்யா ரத்னம், ரயில் இங்கேயேவா வருது?"

"இல்லம்மா. பஸ் வரணும்." அவர் கண் குழந்தையிடம் போனது. "இவங்க இன்னிக்குப் பார்க்க வந்தவங்க. பாப்பா அழுதுடுச்சு, திரும்பிப் போறாங்க."

அவர் இறங்கி வந்தார். குழந்தையிடம் போகவில்லை. பெஞ்சின் மறு ஓரத்தில், வெயிலில், உட்கார்ந்தார். தாயிடம் இந்தியில் கேட்டார், அவளுக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் கேட்டார், அவள் "எஸ் மேடம்" என்றாள். என்னைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். வீட்டில் ஒரு வருஷமாக ஆங்கிலம் மட்டும்தான் என்பதை முதலில் சொன்னேன்.

குழந்தை காலையில் சாப்பிட்டதா? சரியாக இல்லை. தூங்கியதா? பஸ்ஸுக்காகச் சீக்கிரம் எழுப்பிவிட்டார்கள். இதெல்லாம் எப்போதும் கேட்பதுதான். அப்புறம் கேட்டார்: "ராத்திரி இவ பயந்து எழுந்து அழுதா உங்க வாயில என்ன வரும்?"

நான் தமிழில் சொன்னேன்.

"ஒண்ணும் வராது அண்ணாச்சி. தூக்கி வச்சிக்கிடுவேன், அம்புட்டுதான். இங்கிலீஷ்ல அதுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியாதுல்லா."

"முன்னாடி?" டாக்டரம்மா கேட்டதை அப்படியே கேட்டேன்.

"முன்னாடின்னா என்னென்னமோ சொல்லுவேன்."

நான் அதைத் தெலுங்கில் சொன்னதும் டாக்டரம்மா குழந்தையை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து காரின் பின்கதவைத் திறந்தார். "ஏறச் சொல்லு. நீயும் ஏறு."

"எனக்கு ரயில் இருக்கும்மா."

"சாயங்காலம்தானே? வந்து பாய் விரிச்சிட்டுப் போ."

மஸ்தான் பாய் கேட்டைத் திறந்தார். காருக்குள் என்னைப் பார்த்துவிட்டு, "நாக்பூர் இவ்வளவு பக்கமா மியான்?" என்றார்.

டாக்டரம்மா உடனே தொடங்கவில்லை. பக்கத்து அறையில் விளக்கை அணைத்துத் தாயையும் மகளையும் விட்டுவிட்டார். தயிர்சாதம் சாப்பிட்டுக் குழந்தை தூங்கி, தானாக எழுந்தது. அதன் பிறகுதான் வளையலைக் கழற்றினார்.

என்னை மூலையில் ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "அவங்க சொல்றதை எனக்குச் சொல்லு, நான் சொல்றதை அவங்களுக்குச் சொல்லு. கூட்டாதே, குறைக்காதே. பாப்பாவைப் பார்த்துச் சிரிக்காதே. உன் அபிப்பிராயம் நக்கோ." நக்கோ என்றால் வேண்டாம். என்னிடம் அதைச் சொல்ல அவருக்கு மிகவும் பிடிக்கும்.

தாயிடம் சொல்லச் சொன்னார்: "ஒரு வருஷத்துக்கு முன்னாடி இவகூட எப்படி இருந்தீங்களோ அப்படி இருங்க."

அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "டாக்டர் முன்னாலயே பேசலாமா? அவுக எழுதிக்கிடுவாங்களே. தமிழ்ல பேசுததாலதான் பிள்ளைக்கு இப்படின்னு ஆயிராதே?"

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினார். ஆகாது, பேசுங்கள்.

அவள் "யாழினி, க..." என்று தொடங்கி நிறுத்தினாள். "வா... இங்க வாளா. என்னப் பெத்த தாயி, எங்கிட்ட வாளா" என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

குழந்தை திரும்பவில்லை. கதையில் என்றால் திரும்பியிருக்கும், நான் பார்த்தது கதை இல்லை. டாக்டரம்மா பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. தாய் கூப்பிட்டாள், செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், திரும்பவில்லை. சோப்புக் குமிழ் விட்டபோது குமிழைப் பார்த்துக் குதித்தது, ஊதிய ஆளைப் பார்க்கவில்லை. பொம்மைக்குச் சோறு ஊட்டக் கரண்டி கொடுத்தார். குழந்தை பொம்மையைச் சாய்த்துச் சாய்த்து, அதன் கண் மூடுவதையும் திறப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தது. பிஸ்கட் ஜாடியைத் திறக்க முடியாதபோது தாயின் கையைப் பிடித்து, ஏதோ இடுக்கியை எடுத்து வைப்பதுபோல் மூடிமேல் வைத்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா எதற்கும் முகம் மாறாமல் குறித்துக்கொண்டிருந்தார். தாய்க்கோ ஒவ்வொன்றுக்கும் முகம் இறங்கிக்கொண்டே போனது.

"முன்னாடி ரெண்டு பேரும் என்ன விளையாடுவீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"விளையாட்டுன்னு என்ன... சோறு ஊட்டிட்டுக் கையில பருப்பு கடைவேன்."

அதை எப்படித் தெலுங்கில் சொல்வது என்று தெரியாமல், "கையில பருப்பு கடைவாங்களாம்" என்றேன். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில், "நான் கூட்டலம்மா, அவங்க அப்படித்தான் சொல்றாங்க" என்றேன்.

"செய்யச் சொல்லு."

தமிழ் வீட்டில் வளர்ந்த எல்லோருக்கும் அது தெரியும். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்பு கடைவது, விரலை ஒவ்வொன்றாக மடக்கிச் சோறு பங்கு வைப்பது, பிறகு இரண்டு விரலால் நண்டு மாதிரி கைமேல் ஊர்ந்துபோய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவது. அவள் கடைந்தாள். வாயும் கூடவே ஓடியது. ஒரு வருஷம் அடைத்து வைத்திருந்த வாய். நண்டு மணிக்கட்டைத் தாண்டியது, முழங்கையைத் தாண்டியது. குழந்தை தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தது. கிச்சுகிச்சு வந்ததும் சிரித்தது. அன்று அது சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"இன்னொரு தடவை. முழங்கைகிட்ட நிறுத்தச் சொல்லு."

நண்டு முழங்கையில் நின்றது. குழந்தை காத்திருந்தது. நண்டு நகரவில்லை. குழந்தை தன் கையை எடுத்து, தாயின் கைக்குள் மறுபடி திணித்தது. அப்போதும் நகரவில்லை. குழந்தை தலையை நிமிர்த்தித் தாயின் முகத்தைப் பார்த்தது. கண்ணைப் பார்த்தது. கொஞ்ச நேரம்தான்.

தாய் அப்படியே உறைந்துவிட்டாள். டாக்டரம்மா, "கிச்சுகிச்சைக் குடுத்துடச் சொல்லு" என்றார். நான் தமிழில் சொல்வதற்குள் நண்டு ஓடிவிட்டது.

அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். இன்னொரு முறையும் பார்த்தது. அதற்கடுத்த முறை பார்த்ததோடு, "ம்ம்" என்று ஒரு சத்தமும் போட்டது. சில தடவை பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் தகப்பன் வந்தான். ராம்குமார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. மனைவி போன் செய்து, வீட்டுக்குப் போய்விட்டேன் என்று சொல்லாமல் இங்கேயே இருக்கிறேன் என்று சொன்னதும் கோபத்தோடு கிளம்பியவன். டிராஃபிக்கில் கோபம் கரைந்து பயம் மட்டும் மிஞ்சி வந்து சேர்ந்தான்.

முடிவைச் சொல்வதற்கு டாக்டரம்மாவிடம் ஒரு முறை உண்டு. மேசைக்குப் பின்னாலிருந்து சொல்ல மாட்டார், நின்றுகொண்டும் சொல்ல மாட்டார். எல்லோரும் பாயில் உட்கார வேண்டும். முதலில் தண்ணீர். பிறகு சொல்ல வேண்டிய வார்த்தையைச் சுற்றி வளைக்காமல் ஒருமுறை சொல்வார். சொல்லிவிட்டு அவர்கள் பேசும்வரை காத்திருப்பார். எவ்வளவு நேரமானாலும்.

"உங்க குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கு" என்றார். தகப்பனுக்காக ஆங்கிலத்தில் சொன்னார். தாய்க்கு நான் தமிழில் சொன்னேன்.

"அவ எல்லாக் காரோட சின்னத்தையும் கண்டுபிடிப்பா டாக்டர்" என்றான் ராம்குமார். "ஏ பி சி டி கட்டைகளைக் கடைசி வரைக்கும் வரிசை தப்பாம அடுக்குவா."

"பார்த்தேன். நல்ல கண். அதுவும் அவதான், இதுவும் அவதான்."

அவன் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாய் என் பக்கம் திரும்பினாள்.

"கேளுங்க அண்ணாச்சி. நான் தமிழ் பேசுனதாலயா?"

"இல்ல" என்றார் டாக்டரம்மா.

"அப்ப, விட்டதாலயா?"

"அதனாலும் இல்ல. இது எந்த மொழியாலும் வரலை. நீங்க செஞ்ச எதனாலும் வரலை. வீட்டில நாலு மொழி இருக்கிறதால யாருக்கும் இது வராது." நான் சொல்லி முடிக்கும்வரை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா இவளோட யாராவது பேசிக்கிட்டே இருக்கணும், விளையாடிக்கிட்டே இருக்கணும். மத்த குழந்தைகளைவிட அதிகமா. அஞ்சு வார்த்தையை வச்சுக்கிட்டு அதைச் செய்ய முடியுமா? அந்த நண்டு விளையாட்டில இவ உங்களைப் பார்த்தா. நாம அங்கேயிருந்துதான் தொடங்கப் போறோம். வாரம் ரெண்டு நாள் இங்க வாங்க. மத்த நாள் வீட்டில என்ன செய்யணும்னு உங்க ரெண்டு பேருக்கும் சொல்லித் தருவோம்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாள் முழுக்கத் தலையில் சுமந்த குடத்தை யாரோ கைகொடுத்து இறக்கிவிட்டதுபோல் இருந்தது அவள் முகம்.

ராம்குமார்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ஒரு வருஷமா வீடு ஆபீஸ் மீட்டிங் மாதிரி இருக்கு அண்ணா" என்று என்னிடம் தமிழில் சொன்னான். "இவ எங்கிட்டயே 'டின்னர் ரெடி'ன்னுதான் சொல்றா."

"வேற எப்படிச் சொல்லணும்? நீங்கதான குத்தம் கண்டுபிடிச்சிட்டே இருந்தீங்க" என்றாள் அவள்.

"இனிமே எப்படி வேணாலும் சொல்லு."

"கொட்டிக்க வாங்கன்னு சொல்லுதேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அது மொழிபெயர்க்கிற விஷயம் இல்லம்மா" என்றேன். அன்று முதல்முறையாக அவர் சிரித்தார்.

அவர்கள் படியிறங்கிப் போகும்போது அவள் குரல் கேட்டுக்கொண்டே போனது. படியை எண்ணிக் காட்டினாள், மஸ்தான் பாயின் தாடியைக் காட்டினாள், வாசலில் நின்ற நாயைக் காட்டினாள். குழந்தை எதற்கும் பதில் சொல்லவில்லை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் விடவில்லை. அந்தக் குழந்தை பிற்பாடு பேசியதா என்று கேட்பார்கள். பேசியது, தாமதமாக, கொஞ்சமாக. அதற்குமேல் அவர்கள் வீட்டு விஷயம், நான் சொல்வதற்கில்லை.

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வளையலைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"ரயில்?"

"போயிருக்கும்மா."

"நாளைக்கும் போகும்ல?"

"போகும்."

"அப்போ நாளைக் காலையில ஒரு வேலை இருக்கு. அதைப் பார்த்துட்டுப் போ." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "வீட்டில என்ன மொழின்னு இனிமே நாம கேட்கப் போறதில்ல. அப்படிக் கேட்டா எல்லாரும் எதைச் சொன்னா நல்லா இருக்குமோ அதைத்தான் சொல்றாங்க. வாசல்ல நீ உட்காரு. மேசை வேண்டாம், எழுதவும் வேண்டாம். குழந்தையை எந்த மொழியில கொஞ்சுவீங்க, எந்த மொழியில திட்டுவீங்கன்னு கேளு. அந்த மொழி உனக்குத் தெரிஞ்சா மூலையில நீ உட்காரு. தெரியலைன்னா..."

"தெரியலைன்னா?"

"ஊரெல்லாம் சுத்தினவன்தானே நீ. ஆளைப் பிடிச்சிட்டு வா."

மறுநாள் காலை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் நன்றாக உடுத்திய ஒரு மனிதர், பின்னால் முக்காடு போட்ட மனைவி, அவள் இடுப்பில் ஒரு பையன். "ஹிந்தி" என்று நான் கேட்காமலே சொன்னார் அவர். நான் அந்த அம்மாளைப் பார்த்து, எந்த மொழியில் கொஞ்சுவீர்கள் என்று இந்தியில் கேட்டேன். அவள் கணவனைப் பார்த்தாள். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். "நீங்க இல்ல சாப், அவங்க" என்றேன்.

அவள் முக்காட்டுக்குள் சிரித்தபடி, "ஒடியா" என்றாள்.

எனக்கு ஒடியா தெரியாது. மஸ்தான் பாய்க்கும் தெரியாது. அவர்களை உள்ளே உட்காரவைத்து, பையனுக்குப் பசிக்கிறதா என்று அனிதாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். எதிரே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் சாரத்தின்மேல் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கீழே நின்று, உங்களில் ஒடிசாக்காரர் யார் என்று கத்தினேன். மூன்றாம் மாடியிலிருந்து கம்பி கட்டும் ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். ஊரில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டேன். ரெண்டு பேர் என்றார். மேஸ்திரியிடம் நான் பேசிக்கொள்கிறேன், கைகால் கழுவிக்கொண்டு வாருங்கள், ஒரு வேலை இருக்கிறது என்றேன்.